மீன் தட்டுல எதைப் பார்த்து வாங்குறீங்க? மதுரைக்காரங்க அனுபவப் பகிர்வு (பேருக்குப் பதிலா அவங்கவங்க பகுதி)

செல்லூர்:
மதுரைக்குக் கடல் கிடையாது. ஆனா ராமேஸ்வரம், பாம்பன், தூத்துக்குடி மீன் ராத்திரியோட வண்டியேறி, விடியுமுன்ன இங்க இறங்கிடுது. நாம எதைக் கேட்டு வாங்குறமோ அதுக்குத்தான் அங்க வலை விழும். சினை நண்டு, குஞ்சு மீன், தடைக்கால மீன் இதையெல்லாம் தட்டைப் பார்த்தே எப்படிக் கண்டுபிடிக்கிறீங்க? சொந்தக் கதை வேண்டாம். நாளைக்குக் காலையில மார்க்கெட்ல போய்ச் செஞ்சு பார்க்கிற மாதிரி எழுதுங்க.

கரிமேடு:
நண்டுல இருந்து ஆரம்பிக்கிறேன் அண்ணே. நீலக்கால் நண்டைத் திருப்பிப் போடுங்க. வயித்தோட ஒட்டி மடிஞ்சிருக்கிற மடல் ஒடுக்கமா, கூர்மையா இருந்தா ஆண். அகலமா அரைவட்டமா இருந்தா முதிர்ந்த பெண். மடல் முக்கோணமா, நகத்தால நெம்பினாலும் தூக்க வராத மாதிரி ஒட்டியிருந்தா, அது இன்னும் ஒரு தடவைகூட முட்டை விடாத பெண்.

முட்டை விட்ட நண்டுக்கு மடலுக்கு வெளியே ரவை உருட்டி வச்ச மாதிரி ஒரு கொத்து பிதுங்கி நிக்கும். புதுசா விட்டது மஞ்சளும் ஆரஞ்சுமா இருக்கும். நாளாக ஆகப் பழுப்பாகி, கடைசியில சாம்பல் கலந்த கறுப்பாயிடும். அந்தக் கறுப்பு அழுக்கு இல்லை. முட்டைக்குள்ள இருக்கிற குஞ்சோட கண்ணு அது. கறுத்த கொத்துன்னா ஒண்ணு ரெண்டு நாள்ல கடல்ல பொரிஞ்சிருக்க வேண்டியது. ஒரே நண்டுல பல லட்சம் முட்டை இருக்கும்.

நம்ம ஊர்ல ‘சினை நண்டு’ன்னு தேடி வாங்குறவங்க ரெண்டு விஷயத்தைக் குழப்பிக்கிறாங்க. ருசிக்குன்னு கேக்கிறது ஓட்டுக்குள்ள இருக்கிற செம்மஞ்சள் சினையை. வெளியே தொங்குற முட்டை சுத்தம் பண்ணும்போதே மடலோட போயிடும். அதோட எடைக்கும் சேர்த்துத்தான் காசு குடுக்கிறோம். சில இடத்துல முட்டையைச் சுரண்டிட்டு விப்பாங்க. மடலைத் தூக்கிப் பாருங்க, உள்ளே மயிர் மாதிரி இழைகள்ல மிச்சம் ஒட்டியிருக்கும்.

மதுரைக்கு வந்த நண்டைத் திருப்பிக் கடல்ல விட்டுப் பிரயோஜனமில்லை. வலையில இருந்து பிரிக்கும்போதே காலெல்லாம் ஒடிஞ்சிருக்கும். அது உயிரோட இருக்கப்பவே, படகுல இருந்தே கடல்ல விடணும். நம்ம கையில இருக்கிறது ஒண்ணுதான்: “ஆண் நண்டாப் பார்த்துப் போடுங்க”ன்னு கேக்கிறது. ஆண் நண்டோட கொடுக்கு பெருசு, சதையும் கூடுதல். நாலு பேர் தொடர்ந்து கேட்டா ஏலத்துல சினை நண்டு விலை இறங்கும்.

திருமங்கலம்:
பொடி மீன் எல்லாமே குஞ்சு மீன்னு நினைச்சு ஒதுக்கிடாதீங்க தம்பி. நெத்திலி, காரல், சூடை இதெல்லாம் வளர்ந்தாலே அவ்வளவுதான். தாராளமாச் சாப்பிடலாம். சிக்கல், பெரிய மீனோட குஞ்சு ‘கலப்பு மீன்’ங்கிற பேர்ல வர்றப்ப. கால் கிலோ வாங்கிப் பத்து மீனைக் கீறிப் பாருங்க. முதுகெலும்புக்குக் கீழே ரெண்டு பக்கமும் மஞ்சள் சினையோ (பெண்) வெள்ளைப் பாலோ (ஆண்) இருந்தா அது வளர்ந்த மீன். முட்டை விடுற பருவம் இல்லாத மாசத்துல வளர்ந்த மீனுக்கும் அந்தச் சினை நூல் மாதிரிதான் இருக்கும். அதனால இதை மட்டும் வச்சு முடிவு பண்ண வேண்டாம், அளவையும் பாருங்க.

கேரளத்துல மத்தி 10 செ.மீ., அயிலை 14 செ.மீ.க்குக் கீழே பிடிக்கக் கூடாதுன்னு விதியே இருக்கு. மூக்கு நுனியில இருந்து வால் நுனி வரைக்கும் அளவு. கட்டைவிரலை விட்டுட்டு நாலு விரலைச் சேர்த்து வச்சா ஏறக்குறைய 8 செ.மீ. ரெண்டு தடவை வச்சும் அயிலை வெளியே நீளலைன்னா சந்தேகப்படுங்க. வஞ்சிரத்துல உடம்புல குறுக்கு வரி போட்ட ஜாதி அரைக் கிலோவுல இருந்தா, அது முட்டையே விடாத குஞ்சு. புள்ளி போட்டது வேற ஜாதி, சின்னதுலயே முதிர்ந்திடும்.

குஞ்சு எப்படி மாட்டுது? விசைப்படகு இழுத்துட்டுப் போற இழுவலையோட கடைசிப் பையில கண்ணி (வலைத் துளை) 40 மி.மீ. சதுரமா இருக்கணும்ங்கிறது தமிழ்நாட்டு விதி. சாய்சதுரக் கண்ணி, இழுக்கும்போது பாரத்துல நீளவாட்டுல இறுகி மூடிக்கும். பேருக்கு 40 இருந்தாலும் குஞ்சு தப்ப வழியில்லை. சதுரக் கண்ணி பாரம் ஏறினாலும் திறந்தே நிக்கும்.

தெப்பக்குளம்:
தடைக்காலம் பத்திச் சுருக்கமா. கிழக்குக் கரையில ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகாது. 2017க்கு முன்னாடி 45 நாள்தான். கன்னியாகுமரி மேற்குக் கரையில ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஆக ஜூன் முதல் ரெண்டு வாரம் ரெண்டு பக்கமும் விசைப்படகு நிக்குது. அப்ப மதுரையில குவிஞ்சு கிடக்கிற பெரிய மீன் பெரும்பாலும் குளிர்கிடங்குச் சரக்கு. நாட்டுப்படகு மீன் வரும், ஆனா கொஞ்சமாத்தான் வரும். “வல்லத்து (நாட்டுப்படகு) மீனா?”ன்னு கேட்டு, செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்குங்க. இல்லைன்னா தடை இருக்கிற ரெண்டு மாசமும் கண்மாய்க் கட்லாவும் விராலும் போதும்.

தடை முடிஞ்ச முதல் வாரம்தான் இன்னும் கவனம் வேணும். அந்தச் சீசன்ல முட்டையில இருந்து வெளிய வந்த குஞ்சு அப்பத்தான் விரல் நீளத்துக்கு வந்திருக்கும். எல்லாப் படகும் ஒரே நாள்ல இறங்கி அள்ளும், விலையும் சரியும். மலிவா இருக்குன்னு அந்தக் கலப்பு மீனைக் கிலோ கணக்கா அள்ளாதீங்க.

சிம்மக்கல்:
ஐயா சொன்னதோட மீன் கழிவையும் சேர்த்துக்கோங்க. பந்தல்குடி வாய்க்கால்ல போடுறது வைகைக்குப் போகுது. வெள்ளம் வந்தா ராமநாதபுரம் பெரிய கண்மாயைத் தாண்டி ஆற்றங்கரை பக்கம் பாக் விரிகுடாவுல சேருது. ஆவுளியா (கடல்பசு) மேயுற கடல்புல் இருக்கிற கடல் அது. கழிவோட பிளாஸ்டிக் பையும் அங்க போய்ச் சேர வேண்டாம், மீன் வாங்கத் தூக்குச்சட்டி கொண்டு போங்க.

கழிவை வாய்க்கால்ல போடாம செடிக்கு உரமாக்கலாம். செவுள், குடல் 1 கிலோவுக்கு நாட்டு வெல்லம் 1 கிலோ பொடிச்சுக் கலந்து, மூடியுள்ள வாளியில நிழல்ல 3 வாரம் வைங்க. வாளியில மேல கால்வாசி காலியா இருக்கணும், பொங்கும். வெல்லத்தைக் குறைச்சா அழுகல் வாடை வந்து புழு வைக்கும். சரியா வந்ததுல பழ வாசனை அடிக்கும். வடிகட்டி 10 லிட்டர் தண்ணிக்கு 50 முதல் 100 மி.லி. கலந்து மல்லிகைச் செடிக்குச் சாயங்காலம் தெளிங்க. அளவு கூடினா இலை கருகும்.