பொருள்: மீன்தொட்டியில் ‘ஸ்ட்ரே வோல்டேஜ்’: தமிழில் எப்படிச் சொல்வது?

வணக்கம். மீன்தொட்டி பராமரிப்புக் கையேடு ஒன்றுக்கு மேற்கண்ட சொல்லின் (தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடாமல் தென்படும் மின்னழுத்தம்) தமிழ் வேண்டும். இப்போதைக்கு ‘கசிவு மின்னழுத்தம்’ என்று போட்டிருக்கிறேன். வாக்கியம் இது: “மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வைத்து ஒரு முனையைத் தண்ணீரிலும் மற்றதை பிளக் பாயின்ட்டின் எர்த்திலும் வைக்கவும். 30 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கசிவு மின்னழுத்தம் உள்ளது.”

* * *

> 30 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கசிவு

ஐயா, சொல்லும் இடிக்கிறது, சோதனையும் இடிக்கிறது. மோட்டாரின் சுருள் ஒரு பக்கம், தண்ணீர் மறுபக்கம், நடுவில் மின்காப்பு. மூன்றும் சேர்ந்தால் அதுவே ஒரு சிறு மின்தேக்கி. 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் அதன் வழியே மைக்ரோஆம்பியர் கணக்கில் தண்ணீருக்கு ஏறும். கண்ணாடித் தொட்டி, மர ஸ்டாண்டு, இறங்க வழியில்லை. டிஜிட்டல் மீட்டரின் உள்தடை சுமார் 10 மெகாஓம் என்பதால் அதுவும் இறக்கிவிடாது. ஆகவே ஒரு கீறல்கூட இல்லாத மோட்டார் போட்ட தொட்டியிலும் 40, 50 வோல்ட் காட்டும். இதற்குக் ‘கசிவு’ என்று பெயர் வைத்தால் வாசகர் நல்ல மோட்டாரைத் தூக்கிப் போடுவார்.

மீட்டரின் இரு முனைகளுக்கும் குறுக்கே 47 கிலோஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டு அளந்தால் குட்டு வெளிப்படும். வெறும் ஏற்றம் என்றால் 45 வோல்ட் சட்டென்று ஓரிரு வோல்ட்டுக்கு விழும். ஹீட்டர் கண்ணாடி விரிசல் விட்டிருந்தாலோ மோட்டாரின் எபாக்ஸி (சுருளை மூடிய பிசின்) பிளந்திருந்தாலோ அந்த அளவுக்கு விழாது. கால் வாட் ரெசிஸ்டர் வேண்டாம். முழு 230 வோல்ட்டும் வந்தால் 1.1 வாட் சூடு, கருகிவிடும்.

* * *

எங்கள் பக்கம் அவிழ்த்துவிட்ட மாட்டைக் ‘கட்டாக்காலி’ என்போம். ‘கட்டாக்காலி மின்னழுத்தம்’ எப்படி? ‘ஸ்ட்ரே’ அப்படியே வந்துவிடுகிறது.

* * *

கட்டாக்காலி அருமையான சொல். ஆனால் மேலே காட்டிய இரண்டையும் அது ஒரே கயிற்றில் கட்டிவிடும். ரெசிஸ்டர் போட்டதும் மறைவதற்குத் தனிப்பெயர் வேண்டும். ‘பேய் மின்னழுத்தம்’ என்கிறேன். ஆங்கில ‘கோஸ்ட் வோல்டேஜ்’ என்பதன் மொழிபெயர்ப்பு என்று யாரும் பாய வேண்டாம்; அசலல்லாததைக் குறிக்கப் பேய்க்கரும்பு, பேய்ச்சுரை எல்லாம் நம்மிடம் உண்டு.

* * *

> பேய்க்கரும்பு, பேய்ச்சுரை

பேய்மழை, பேய்க்காற்றும் உண்டே! வாசகர் ‘பயங்கர மின்னழுத்தம்’ என்று புரிந்துகொள்வார். சொல்ல வந்ததற்கு நேர் எதிர். கானல் நீருக்குப் ‘பேய்த்தேர்’ என்று பழைய பெயர் உண்டு. அதிலிருந்து தேரையும் பேயையும் இறக்கிவிட்டு ‘கானல் மின்னழுத்தம்’ என்று வைக்கலாம். தூரத்தில் தெரியும், அள்ளப் போனால் இருக்காது. மீட்டரில் தெரியும், ரெசிஸ்டர் அள்ளப் போனால் இருக்காது.

இன்னொன்று: கசிவது ஓட்டம்தான், அழுத்தமல்ல. ஆகவே எதிர்ச்சொல் ‘கசிவு மின்னோட்டம்’. 47 கிலோஓமில் 47 வோல்ட் நின்றால் 1 மில்லியாம்பியர் ஓடுகிறது என்று மனக்கணக்காகவே சொல்லிவிடலாம்.

* * *

நன்றி. கானலுக்கே என் ஓட்டு. திருத்திய பகுதி:

“முதலில் எர்த்தைச் சோதிக்கவும்: பேஸுக்கும் எர்த்துக்கும் இடையே 230 வோல்ட் அளவில் காட்ட வேண்டும். எர்த் செத்திருந்தால் மற்ற அளவீடுகளுக்குப் பொருளில்லை. எல்லாப் பிளக்கையும் கழற்றிவிட்டு மீட்டரையும் ரெசிஸ்டரையும் கிளிப்பால் மாட்டவும். பிறகு ஒவ்வொரு கருவியாகப் போட்டு அளக்கவும். கை தண்ணீரில் படக்கூடாது. சில வோல்ட்தான் என்றால் கானல் மின்னழுத்தம். 20 வோல்ட்டுக்கு மேல் நின்றால் கசிவு மின்னோட்டம் என்றே கொண்டு அந்தக் கருவியை மாற்றவும்.”

* * *

இரண்டு திருத்தம். ஹீட்டரை அதன் விளக்கு எரியும்போதுதான் அளக்க வேண்டும். தெர்மோஸ்டாட் அணைத்திருக்கும் நேரத்தில் விரிசல் தெரியாமலே போகலாம். டூ-பின் பிளக் என்றால் திருப்பிச் செருகி இன்னொரு முறை அளக்கவும், பேஸும் நியூட்ரலும் இடம் மாறும்.

தண்ணீரில் டைட்டானியம் கம்பி விட்டு எர்த் கொடுப்பதையும் சேர்த்துவிடுங்கள். கம்பி விட்டதும் மீட்டர் ஏறத்தாழ சுழி காட்டும். அதனால் விரிசல் அடைபட்டதாக அர்த்தமில்லை. கசிவு இருந்தால் அது இப்போது தண்ணீர் வழியே இடைவிடாமல் ஓடும். வீட்டில் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபி (கசிவு கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால்தான் அந்தக் கம்பி. இல்லையென்றால் ஆர்சிசிபியை முதலில் போடச் சொல்லுங்கள்.

டெஸ்டர் ஸ்குரூடிரைவரைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கச் சொல்லாதீர்கள். கானலுக்கும் அதன் நியான் மினுக்கக்கூடும்.