மூங்கில் பனியன் துணி: தையல் விட்டுவிட்டு விழுகிறது, துவைத்தால் ஓட்டை. உதவி தேவை

தொட்டில்துணி:
எல்லோருக்கும் வணக்கம். தங்கைக்கு அடுத்த மாதம் பிரசவம். குழந்தைக்கு ஜப்லா தைக்கலாம் என்று திருப்பூர் காதர்பேட்டையில் மூங்கில் துணி இரண்டு மீட்டர் வாங்கி வந்தேன். 95 சதவீதம் மூங்கில், 5 சதவீதம் லைக்ரா, 180 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 180 கிராம் எடை) என்று கடைக்காரர் சொன்னார். தொட்டால் கையில் வழுக்குகிறது, அவ்வளவு மென்மை.

தைக்க உட்கார்ந்தால்தான் வேதனை. நாலு தையல் ஒழுங்காக விழும், அப்புறம் ஒரு நீளமான தாண்டல். திரும்ப நாலு விழும். கழுத்துப் பட்டி வைத்த இடம் அலை அலையாக நிற்கிறது. எப்படியோ ஒன்றை முடித்துத் துவைத்துப் போட்டேன். காய்ந்ததும் பார்த்தால் பக்கத் தையலை ஒட்டி வரிசையாகப் பொடி ஓட்டைகள்.

மிஷின் வீட்டு மோட்டார் மிஷின், ஜிக்ஜாக் உண்டு, ஓரத்தை வெட்டிச் சுற்றித் தைக்கும் ஓவர்லாக் கிடையாது. ரவிக்கை தைக்கும் அதே 14 ஆம் நம்பர் ஊசி, அதே காட்டன் நூல். துணி மட்டமா, மிஷினில் கோளாறா, எதைப் பார்ப்பது?

கத்தரிக்கோல்:
ஓவர்லாக் இல்லாமல் பனியன் துணியைத் தொடவே கூடாது சகோதரி. தெருமுனை டெய்லரிடம் கொடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மேல் நூல் டென்ஷனை நன்றாக இறுக்கிப் பாருங்கள்.

கட்டிங்மேசை:
டென்ஷனை இறுக்காதீர்கள். இழுபடும் துணியில் நூலை இறுக்கினால், போடும்போது துணி இழுபடும் நேரத்தில் நூல் அறுந்துவிடும். ஓவர்லாக் இருந்தால் வேலை சுலபம், அது உண்மை. ஆனால் ஜிக்ஜாக் மிஷினிலேயே ஜப்லா தாராளமாகத் தைக்கலாம்.

நான் பனியன் கம்பெனியில் கட்டிங்கிலும் தையலிலும் இருந்தவன். உங்கள் துணி மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. ஊசிதான் காரணம். நீங்கள் ரவிக்கைக்குப் போடும் சாதாரண ஊசி தறித் துணிக்கு. முனை கூர்மையாக இருக்கும், நூலுக்கு நடுவே குத்தும். பனியன் துணி முழுக்க லூப், அதாவது ஒன்றுக்குள் ஒன்று கோத்த நூல் வளையங்கள். கூர் ஊசி லூப்பில் இறங்கினால் அந்த இழையை அறுத்துவிடும். தைக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. துவைத்ததும் அறுந்த லூப் விட்டு, இழை ஓடி, ஓட்டையாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஓட்டையின் ஓரத்தில் பொடி இழை முனைகள் நீட்டிக்கொண்டிருந்தால் ஊசி அறுத்தது. முனையே இல்லாமல் வெறும் இடைவெளி மட்டும் தெரிந்தால் அது தையல் இழுவை, வேறு கதை.

தாண்டலுக்கும் ஊசிதான் பொறுப்பு, ஆனால் வேறு விதத்தில். ஊசி கீழே போய் மேலே ஏறத் தொடங்கும்போது அதன் பின்பக்கம் நூல் ஒரு சின்ன வளையம் விடும். அந்த வளையத்தை, கீழ் நூலைச் சுற்றிவரும் ஷட்டிலின் முனை கொத்திக்கொண்டு போனால்தான் தையல். லைக்ரா கலந்த துணி ஊசியைப் பிடித்துக்கொண்டு அதோடு சேர்ந்து மேலே எழும். வளையம் விரியாது, ஷட்டில் வெறுங்கையோடு சுற்றிவிட்டு வரும். மிஷினைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள், துணி எழும்புவது கண்ணிலேயே தெரியும்.

கடையில் ஸ்ட்ரெட்ச் ஊசி, 11 ஆம் நம்பர் என்று கேளுங்கள். பாக்கெட்டில் 75/11 என்று இருக்கும். முனை உருண்டையாக இருக்கும், லூப்பை ஒதுக்கிவிட்டு நுழையும். பின்பக்கக் குழிவு ஆழமாக இருப்பதால் ஷட்டிலுக்கு நூல் கிடைக்கும். ஷ்மெட்ஸ் கம்பெனி ஊசியென்றால் தண்டில் மஞ்சள் வரி உள்ளது ஸ்ட்ரெட்ச், ஆரஞ்சு வரி உள்ளது ஜெர்சி. லைக்ரா உள்ள துணிக்கு மஞ்சள் வாங்குங்கள். வாங்கும் முன் உங்கள் மிஷின் ஊசித் தண்டு தட்டையா உருண்டையா என்று பார்த்துவிட்டுப் போங்கள், மாற்றி வாங்கினால் மாட்டாது.

நூலையும் மாற்றுங்கள். காட்டன் நூல் நீளாது, பாலியஸ்டர் நூல் கொஞ்சம் கொடுத்து வாங்கும். தையலுக்குக் குறுகலான ஜிக்ஜாக்: அகலம் 0.5 மில்லிமீட்டர், நீளம் 2.5 மில்லிமீட்டர்.

தொட்டில்துணி:
ஓட்டை ஓரத்தில் முனைகள் இருக்கின்றன அண்ணா, நீங்கள் சொன்ன மாதிரியே. மஞ்சள் வரி ஊசி வாங்கிவிட்டேன். மிச்சத் துண்டில் தைத்துப் பார்த்ததில் தாண்டல் ஏறக்குறைய நின்றுவிட்டது. தொடங்கும் இடத்தில் மட்டும் துணியை மிஷின் உள்ளே இழுத்து மென்றுவிடுகிறது. கழுத்து அலை அப்படியேதான் இருக்கிறது.

பாவாடைநாடா:
தொடக்கத்தில் மெல்வதற்குக் காகிதம் போதும். டிஷ்யூ காகிதத் துண்டு ஒன்றைத் துணிக்கு அடியில் வைத்து, காகிதத்தில் தொடங்கித் துணிக்குள் போங்கள். பிறகு கிழித்துவிடலாம். ஓரத்திலிருந்து அரை அங்குலம் உள்ளே தள்ளித் தொடங்குவதும் நல்லது. மேல் நூலையும் கீழ் நூலையும் பின்பக்கம் லேசாகப் பிடித்துக்கொள்ளுங்கள்.

கழுத்து விஷயத்தில் ஒரு கேள்வி. பட்டியை எந்த வாக்கில் வெட்டினீர்கள்? கழுத்துச் சுற்றளவுக்குச் சமமாக வைத்தீர்களா?

தொட்டில்துணி:
நீளவாக்கில் வெட்டினேன் அக்கா. சுற்றளவுக்குச் சரியாகத்தான் எடுத்தேன். தைக்கும்போது கொஞ்சம் நீண்டுவிட்டது, மிச்சத்தை வெட்டிவிட்டேன்.

பாவாடைநாடா:
அதுதான். நீண்டது பட்டி மட்டும் இல்லை, கழுத்தும் சேர்ந்து நீண்டிருக்கும். மூங்கில் துணி பருத்திப் பனியன் துணியைவிடக் கனமாகத் தொங்கும். மேசை விளிம்பிலிருந்து கீழே சரிந்தால் தன் எடையிலேயே இழுபடும். தைக்கும்போது துணி முழுவதும் மேசை மேல் கிடக்க வேண்டும். ஃபுட் (துணியை அழுத்தும் பாதம்) அழுத்தத் திருகு உங்கள் மிஷினில் இருந்தால் கொஞ்சம் தளர்த்துங்கள். பாதம் அழுத்தித் தள்ளுவதால்தான் மேல் துணி முன்னால் பெருகுகிறது.

பட்டியை அகலவாக்கில் வெட்டுங்கள், நன்றாக இழுபடுவது அந்த வாக்குதான். நீளம் கழுத்துச் சுற்றளவில் 85 சதவீதம் அளவுக்கு. பட்டியை நாலாக மடித்துக் குறி, கழுத்தையும் நாலாக மடித்துக் குறி. குறியோடு குறி சேர்த்துக் குத்திவிட்டு, பட்டியை மட்டும் இழுத்துத் தையுங்கள், உடம்புத் துணியை இழுக்காதீர்கள். குண்டூசியைவிட கிளிப் நல்லது.

தோள்பட்டை இரண்டிலும் மெல்லிய காட்டன் டேப் வைத்துத் தையுங்கள். குழந்தையைத் தூக்கும்போதெல்லாம் தோளில்தான் இழுவை. டேப் இல்லாவிட்டால் கை ஓட்டை அக்குளிலிருந்து இடுப்புக்கு வந்துவிடும்!

வெட்டும் முன் துணியைத் துவைத்தீர்களா? அதைக் கேட்க மறந்துவிட்டேன்.

தொட்டில்துணி:
இல்லை. துவைத்த ஜப்லா நீளத்தில் சுருங்கித்தான் இருக்கிறது.

கட்டிங்மேசை:
விஸ்கோஸ் பனியன் துணி நீளவாக்கில் சுருங்கும். பச்சைத் தண்ணீரில் அலசி, பிழியாமல் துண்டில் சுருட்டி ஈரத்தை எடுத்து, நிழலில் தட்டையாக விரித்துக் காயப் போடுங்கள். காய்ந்த பிறகு வெட்டுங்கள். ஃபேப்ரிக் ரோலிலிருந்து இறக்கிய துணியைக் கம்பெனியிலும் ஒரு நாள் விரித்து ஆறப் போட்டுத்தான் கட்டிங்குக்கு எடுப்போம். வெட்டிய பின் சுருண்டுகொண்டால் ஓரங்களில் லேசாகக் கஞ்சி தெளித்து இஸ்திரி போடுங்கள், நிமிர்ந்து நிற்கும்.

கொத்தமல்லி:
இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். விஸ்கோஸ் என்கிறீர்களே, இது மூங்கில் துணி இல்லையா? மூங்கில் என்றால் இயற்கையாகவே கிருமி வராது, அதனால்தான் குழந்தைக்கு நல்லது என்று சொல்லித்தான் விற்கிறார்கள்.

கட்டிங்மேசை:
மூங்கிலை அப்படியே நார் உரித்து நூற்றது இல்லை. அப்படிச் செய்தால் லினன் மாதிரி சொரசொரப்பாக இருக்கும், விலையும் எங்கோ நிற்கும். சந்தையில் இருப்பது பெரும்பாலும் மூங்கில் கூழ். அதைக் காஸ்டிக் சோடாவிலும் கார்பன் டைசல்பைடிலும் கரைத்து, பொடித் துளைகள் வழியே கந்தக அமிலக் குளியலில் விட்டு இழையாக எடுப்பார்கள். யூகலிப்டஸ் கூழில் செய்தாலும் மூங்கில் கூழில் செய்தாலும் கடைசியில் வருவது விஸ்கோஸ், அதாவது ரேயான்தான். மரத்தில் எந்தக் குணம் இருந்திருந்தாலும் இவ்வளவு ரசாயனத்தைத் தாண்டி வராது.

அமெரிக்க வர்த்தக ஆணையம் 2009 இலேயே நாலு கம்பெனிகள் மேல் இதற்காக நடவடிக்கை எடுத்தது. 2022 இல் வால்மார்ட்டும் கோல்ஸும் ரேயானை மூங்கில் என்று விற்றதற்கு மொத்தம் 55 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டன. ஆகவே கிருமி எதிர்ப்புக்காக அதிக விலை கொடுக்காதீர்கள். மென்மைக்கும் வேர்வை உறிஞ்சுவதற்கும் கொடுக்கலாம், அந்த இரண்டும் நிஜம்.

தையலுக்கும் இது முக்கியம். விஸ்கோஸ் நனைந்தால் பலத்தில் ஏறத்தாழ பாதியை இழந்துவிடும். காய்ந்தால் திரும்ப வரும். ஊசி அறுத்த லூப் துவைக்கும்போது விட்டதற்கு அதுவும் ஒரு காரணம். அடித்துத் துவைக்கக் கூடாது, முறுக்கக் கூடாது.

ஸ்கார்பரோ_அக்கா:
நான் கனடாவில் இருக்கிறன். இதே கதைதான் பின்னல் நூலிலும். பேரப்பிள்ளைக்கு மூங்கில் நூலில் தொப்பி பின்னினால் விளிம்பில் போடும் ரிப் (இழுபட்டுச் சுருங்கும் வரிப் பின்னல்) பிடிக்கவே பிடிக்காது, இரண்டு தரம் போட்டதும் கண்ணை மறைக்கும். கம்பளி இழையில் இயற்கையாகவே சுருள் இருக்கிறது, இழுத்தால் திரும்பி வரும். விஸ்கோஸ் இழை நேரானது, இழுத்த இடத்திலேயே நிற்கும். தொப்பிக்கும் சொக்ஸுக்கும் வெறும் மூங்கில் நூல் வாங்காதீர்கள். கம்பளியோ நைலோனோ கலந்தது எடுங்கள். வெறும் மூங்கில் சால்வைக்குத்தான் அழகு, தண்ணி மாதிரி விழும்.

கொத்தமல்லி:
அம்மா, நான் ஒரு ஸ்வெட்டர் தொடங்கிவிட்டேனே! நூற்றுக்கு நூறு மூங்கில் நூல். ஊசி முனை நூலைப் பிளந்துகொண்டு போகிறது. பிரிப்பதா, தொடர்வதா?

ஸ்கார்பரோ_அக்கா:
தொடருங்கோ பிள்ளை, ஆனால் முதலில் ஒரு மாதிரித் துண்டு பின்னி, நனைத்து, காய்ந்த பிறகு கீழ் விளிம்பில் சில துணிக் கிளிப் மாட்டி ஒரு இரவு தொங்க விடுங்கோ. காலையில் அளந்தால் எவ்வளவு நீளும் என்று தெரிந்துவிடும். அந்த அளவுக்கு ஸ்வெட்டரைக் கட்டையாகப் பின்னுங்கோ. ஊசியை ஒரு அளவு குறையுங்கோ, 4 மில்லிமீட்டரில் பின்னினால் 3.5. உலோக ஊசியில் நூல் வழுக்கி ஓடும், மர ஊசியோ மூங்கில் ஊசியோ பிடித்துக்கொள்ளும். முனை கொஞ்சம் மழுங்கலாக இருந்தால் நூல் பிளக்காது.

வட்டமாகப் பின்னாமல் முன்னும் பின்னும் தனித்தனியாகப் பின்னித் தையுங்கோ. தையல்தான் அந்த எடையைத் தாங்கும். நூல் முனைகளை 15 சென்டிமீட்டர் விட்டு, திசை மாற்றி மாற்றிச் செருகுங்கோ. குட்டையாக வெட்டினால் ஒரு துவையலில் வெளியே வந்துவிடும்.

தொட்டில்துணி:
புதிய துண்டைத் துவைத்து, காயவைத்து, வெட்டித் தைத்தேன். கழுத்து தட்டையாக உட்கார்ந்திருக்கிறது. பக்கத் தையலில் ஓட்டை இல்லை, ஒருமுறை அலசியும் பார்த்தாயிற்று. கீழ் விளிம்பு மடிப்புதான் பாக்கி. இரட்டை ஊசி வாங்கலாமா?

பாவாடைநாடா:
வாங்கினால் அதிலும் ஸ்ட்ரெட்ச் வகை இருக்கிறது, அதையே கேளுங்கள். கீழே ஒரே நூல் இரண்டு தையலுக்கும் ஓடுவதால் டென்ஷன் இறுகினால் நடுவில் மேடு தட்டும், கொஞ்சம் தளர்த்திக்கொள்ளுங்கள். ஒரு ஜப்லாவுக்காக என்றால் செலவே வேண்டாம். பனியன் துணி ஓரம் தறித் துணி மாதிரி பிரியாது. ஒரே மடிப்பு மடித்து, உள்பக்கமிருந்து மிதமான சூட்டில் இஸ்திரிப் பெட்டியை இழுக்காமல் வைத்து எடுத்து, அதே ஜிக்ஜாக்கைக் கொஞ்சம் அகலமாக்கித் தையுங்கள். பிறந்த குழந்தைக்கு மடிப்பு எவ்வளவு மெலிதோ அவ்வளவு நல்லது.

கத்தரிக்கோல்:
அந்த மஞ்சள் வரி ஊசி எந்தக் கடையில் கிடைத்தது சகோதரி? எங்கள் ஊரில் கேட்டால் 14, 16 தவிர வேறு எடுத்துக் காட்ட மாட்டேன் என்கிறார்கள்.

தொட்டில்துணி:
சாதாரண ஃபேன்சி ஸ்டோரில் இல்லை. தையல் மிஷின் உதிரி பாகம் விற்கும் கடையில் கேட்டு வாங்கினேன். பழைய ஊசியையும் கையோடு கொண்டுபோங்கள், தண்டைப் பார்த்துப் பொருத்தமாகத் தருவார்கள்.