காலநிலை மாற்றம் பற்றி நெல் விவசாயிகளிடம் எப்படிக் கேட்பது? (தாமிரபரணிப் பாசனம்)

கேட்டவர்: களஆய்வு_மாணவன்
அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி பக்கத்து நெல் விவசாயிகள் காலநிலை மாற்றத்தை எப்படி உணர்கிறார்கள் என்பது ஆய்வு. "மழை குறைந்துள்ளதா?", "வெப்பம் கூடியுள்ளதா?" என்று கேட்டால் எல்லாரும் எல்லாவற்றுக்கும் "ஆமா" என்கிறார்கள். வருடாந்திர மழைக்கணக்கோடு ஒத்துப்போகவில்லை. எங்கே தப்பு?

வாய்க்கால்கரை
கேள்வியில்தான் தம்பி. இங்கே கார் நெல் (ஜூனில் தொடங்குகிற முதல் போகம்) வயலில் விழுகிற மழையை நம்பி இல்லை, பாபநாசம் அணையை நம்பி இருக்கு. ஜூன் 1 வாக்கில் திறக்க வேண்டிய தண்ணீர் தள்ளிப்போனால் விவசாயிக்கு அது மழை பொய்த்த வருஷம். ஊர் மழைமானியில் அது தெரியாது. அதனால் மலையில் சாரல் எப்போ பிடிச்சது, வாய்க்காலில் தண்ணீர் எப்போ வந்தது என்று இரண்டாகப் பிரிச்சுக் கேளுங்க. தலைமடையா கடைமடையா என்பதையும் குறிச்சுக்கோங்க. ஒரே கன்னடியன் கால்வாயில் இரண்டு முனைக்காரரும் ஒரே பதில் சொல்ல மாட்டாங்க.

நாற்று வயசை விட்டுடாதீங்க. அம்பை 16 மாதிரி குறுகிய கால ரகத்துக்கு 18–22 நாள் நாற்று சரி. தண்ணீர் வராமல் நாற்றங்காலிலேயே 30 நாள் தாண்டினால் தூர் (பக்கக் கிளைப்பு) குறையும், மகசூலும் போகும். அதையும் வெயில் கணக்கில் எழுதிட்டா ஆய்வே கோணலாகும்.

மழைமானி
வருட மொத்தத்தைத் தூக்கிப் போடுங்க. 2023 டிசம்பர் 17, 18 இரண்டு நாளில் கொட்டியதே அந்த வருஷ மொத்தத்தை ஏத்திவிடும். "ஐப்பசியில் மழையே இல்லை" என்று விவசாயி சொன்னாலும் அதோடு முரண்பாடு கிடையாது. தினசரி அளவை வாங்கி, 2.5 மி.மீ. அல்லது அதுக்கு மேல் பெய்த நாட்களை மாதவாரியா எண்ணுங்க. தமிழ் மாசத்தில் கேளுங்க, பிறகு தேதிக்கு மாத்துங்க.

களஆய்வு_மாணவன்
நன்றி அண்ணாச்சி. "வெயிலில் பதராப் போச்சு" என்று பலர் சொல்கிறார்கள். அதை எப்படிச் சரிபார்ப்பது?

கதிர்ப்பருவம்
அறுவடைத் தேதியிலிருந்து 30 நாள் பின்னால் போனால் பூத்த வாரம் கிடைக்கும். அந்த வாரத்துப் பகல் வெப்பம் 35 டிகிரியைத் தாண்டியதா பாருங்க. நெல் பூ முற்பகலில் சுமார் ஒரு மணி நேரம்தான் திறந்திருக்கும். அப்போ சூடு கூடினால் மகரந்தம் வீணாகும், மணி பிடிக்காது. ஆவணியில் பூக்கிற காருக்கும், நடவு தள்ளிப்போய் மாசிக்குப் பிறகு பூக்கிற பிசானத்துக்கும் (காருக்கு அடுத்த போகம்) இந்த ஆபத்து அதிகம்.

ஆனா பதர் எல்லாம் வெயில் பதர் இல்லை. கதிர் முழுக்க வெளுத்து, இழுத்தால் கையோடு வந்தால் தண்டுத் துளைப்பான். கழுத்து கறுத்து ஒடிஞ்சால் குலைநோய், பிசானத்தில் பனிக்காலத்தில் வரும். மணியில் பழுப்புப் புள்ளியும் துளையும் இருந்தால் கதிர் நாவாய்ப்பூச்சி. வெயில் பதரில் இந்த அடையாளம் எதுவும் இருக்காது. கதிர் பச்சையா நிமிர்ந்து நிக்கும், நல்ல மணிக்கு நடுவே சாவி (மணி பிடிக்காத பதர்) கலந்திருக்கும். இந்த நாலையும் படமா எடுத்துப்போய்க் காட்டி, "உங்க வயலில் எது?" என்று கேட்டால் "ஆமா"வுக்கே இடமில்லை.

வாய்க்கால்கரை
"20 வருஷத்துக்கு முன்னால எப்படி?" என்று கேட்டால் பொத்தாம்பொதுவா பதில் வரும். 1992 நவம்பர் வெள்ளத்துக்கு முன்னா பின்னா என்று கேளுங்க, வயசானவங்க டக்குனு சொல்லிடுவாங்க. ஆனா போன வெள்ளமோ வறட்சியோ பழசை எல்லாம் மூடிடும், அதனால 2023-ஐக் கடைசியாக் கேளுங்க.

நிலக்காரரோட நிறுத்திடாதீங்க. நடவு, களையெடுப்புப் பெண்களிடமும் கேளுங்க. நட்ட பிறகு தண்ணீர் விட்டுவிட்டு வந்தால் கோரையும் புல்லும் மண்டும். எத்தனை களை எடுத்தாங்க, வெயிலுக்குப் பயந்து காலையில் எத்தனை மணிக்கு வயலில் இறங்குறாங்க என்பதெல்லாம் அவங்களுக்குத்தான் தெரியும்.