சிறார் மூட்டழற்சி: ஆய்வுக்குரிய கேள்வியைத் தேர்வது யார்?

பனைநிழல்:
“நோயாளி வீட்டாரைக் கேட்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேர்வது, பந்தியில் உட்கார்ந்தவரைக் கேட்டு உலை வைப்பதற்கு ஒப்பாகும்” என்று சிறார் மூட்டழற்சியைப் பற்றி ஆய்வகத்தான் நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. உப்புக் குறைந்ததைப் பந்தியில் இருப்பவர்தாம் சொல்ல முடியும். என் மகளுக்கு 9 வயது. வெள்ளிக்கிழமைதோறும், மூட்டழற்சியை அடக்கும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடுகிறோம். அந்த மருந்தின் மஞ்சள் நிறம் கண்ணில் பட்டாலே, ஊசி தோலைத் தொடும் முன்பே, அவளுக்குக் குமட்டுகிறது. இப்போது எலுமிச்சைச் சாதத்தையும் தட்டில் வைக்க விடுவதில்லை. வீங்கிய மூட்டுகளை எண்ணிக் குறிக்கும் மருத்துவமனைத் தாளில் இதை எழுத இடமே இல்லை.

ஆய்வகத்தான்:
அம்மா, உங்கள் வேதனையை நான் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் மஞ்சள் நிறம் ஆய்வுக்குரிய கேள்வி அன்று. வலியோ சிவப்போ இல்லாமல் கண்ணுக்குள் வளர்ந்து பார்வையையே பறிக்கக்கூடிய யுவியைட்டிஸ் என்னும் கண் அழற்சி எந்தக் குழந்தைக்கு வரும், மருந்தை எப்போது நிறுத்தலாம் என்பவைதாம் கேள்விகள். 18 ஆண்டுகள் இத்துறையில் உழைத்தவன் சொல்கிறேன். இருக்கும் சொற்ப நிதியை நிறத்துக்குச் செலவிட முடியாது.

பனைநிழல்:
மறுபடியும் நிறம் என்றே எழுதுகிறீர்கள். நெதர்லாந்தின் உட்ரெக்ட் மருத்துவர்கள் 2011-இல் வெளியிட்ட ஆய்வைப் படித்தீர்களா? மெத்தோட்ரெக்ஸேட் எடுத்த 297 சிறாரில் 150 பேரால் அதைத் தாங்க முடியவில்லை. மருந்துக்குப் பின் வரும் வாந்தியை மட்டுமன்றி, எடுக்கும் முன்பும் நினைத்த மாத்திரத்திலும் வரும் குமட்டலையும், அழுகையையும் மறுப்பையும்கூட அவர்கள் மதிப்பெண்ணாக அளந்தார்கள். என் மகளின் மஞ்சள் அதுதான்.

ஆய்வகத்தான்:
அந்த ஆய்வை நடத்தியவர்கள் மருத்துவர்கள் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். ஆகவே அது என் கட்சிக்குத்தான் சான்று.

தேம்ஸ்கரை:
ஒரு செய்தியை இருவருமே விட்டுவிட்டீர்கள். பிரிட்டனில் 2004-இல் தொடங்கிய ஜேம்ஸ் லிண்ட் கூட்டணியின் முறையில், நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்பவர்களும் மருத்துவர்களும் சரிசமமாக அமர்ந்து ஆய்வுக்குரிய முதல் பத்துக் கேள்விகளைத் தேர்கிறார்கள். ஆய்வை மட்டுமே தொழிலாகக் கொண்டவருக்கு அதில் வாக்கு இல்லை. நெதர்லாந்தில் சிறார் மூட்டழற்சிக்கே அம்முறையில் பட்டியல் வந்துவிட்டது. முடக்குவாத ஆய்வுகளில் களைப்பையும் அளக்க வேண்டும் என்ற பேச்சு வலுத்தது, அவ்வகை ஆய்வுகளில் எதை அளப்பது என்று விவாதிக்கும் ஓமெராக்ட் மாநாட்டில் 2002-இல் நோயாளிகள் கலந்துகொண்ட பிறகுதான்.

ஆய்வகத்தான்:
எனக்கு வாக்கில்லை என்று சொல்வதில் உங்களுக்கு எவ்வளவு மகிழ்ச்சி என்பது தெரிகிறது. சென்ற ஆண்டு தடுப்பூசி விவாதத்தில் உங்கள் பிழையை நான் திருத்தியது இன்னும் உறுத்துகிறது. களைப்பு வேறு, மஞ்சள் வேறு.

தேம்ஸ்கரை:
அன்று நான் பிழை எதுவும் செய்யவில்லை. அந்தப் பதிவை மீண்டும் எடுத்துப் பாருங்கள்.

கார்த்திகைப்பூ:
எனக்கு 4 வயதில் இந்நோய் வந்தது, இப்போது 22. பெற்றோர் வேறு, நோயாளி வேறு. என் தாய் ஊசியைப் பற்றியே கவலைப்பட்டார். நானோ, காலையில் விறைத்த விரல்களால் சட்டைப் பொத்தானைப் போட முடியாமல் நாள்தோறும் பள்ளிக்குத் தாமதமாகப் போனதைப் பற்றி யாராவது கேட்பார்களா என்று காத்திருந்தேன். பனைநிழல் அக்கா, மகளிடம் கேட்டீர்களா?

பனைநிழல்:
கேட்காமல் எழுதுவேனா தங்கையே? காலை விறைப்பா, ஊசியா என்று நேற்றிரவும் கேட்டேன். “அந்த மஞ்சள்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ஆய்வகத்தான்:
ஒரு குழந்தையின் ஒரு சொல்லை வைத்து ஒரு நாட்டின் ஆய்வு நிதியைப் பங்கிட முடியாது.

பனைநிழல்:
297 என்று எழுதியிருக்கிறேன். மீண்டும் ஒருமுறை படியுங்கள்.