இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைப்பதற்குச் சம்மதிக்கலாமா?

களுவாஞ்சிக்குடி வாசகர்:
வணக்கம். மோட்டார் சைக்கிள் விபத்தில் என் தம்பியின் முழங்காலுக்குக் கீழுள்ள எலும்பு முறிந்து, தகடு வைத்துப் பூட்டினார்கள். ஒரு வருடம் நெருங்கியும் எலும்பு பொருந்தவில்லை. எக்ஸ்ரேயில் முறிந்த கோடு அப்படியே தெரிகிறது. இடுப்பெலும்பிலிருந்து கொஞ்சம் எடுத்து அந்த இடத்தில் வைத்து, தகட்டையும் மாற்ற வேண்டும் என்று மட்டக்களப்பில் பார்க்கும் நிபுணர் கூறுகிறார். அம்மாவோ, "கால் பட்டது போதாதா, நல்லா இருக்கிற இடுப்பிலயும் ஏன் கத்தி வைக்கணும்?" என்று மறுக்கிறார். செயற்கைப் பொருள் வைத்தால் போதாதா? எடுத்த இடம் பலமிழந்துவிடுமா? தம்பி வயல் வேலை செய்பவன்.

கல்லடி, ஓய்வுபெற்ற தாதி:
தம்பி, அம்மாவின் பயம் நியாயமானது. தியேட்டரில் நான் பார்த்ததைச் சொல்கிறேன். பெல்ட் கட்டும் இடத்தில் கைக்குத் தட்டுப்படும் எலும்பு விளிம்பின் மேல் தோலைக் கீறி, எலும்பில் சிறிய மூடிபோலத் திறந்து, உள்ளேயிருக்கும் மென்மையான எலும்பைக் கரண்டி போன்ற கருவியால் சுரண்டி எடுப்பார்கள். அது நனைத்த சிவப்பரிசித் தவிட்டைப் போல இருக்கும். முறிந்த இடத்தைத் துப்புரவாக்கி முடிக்கும்வரை, உலர்ந்துவிடாதபடி ஈரத்துணியால் மூடிக் கிண்ணத்தில் வைத்திருப்போம், ஏனெனில் அதில் உயிருள்ள கலங்கள் இருக்கின்றன.

செயற்கைப் பொருளுடன் உள்ள வேறுபாடும் அதுதான். கல்சியம் பொஸ்பேற்று போன்றவை எலும்பு படர்ந்து வளர ஒரு சட்டகத்தை மட்டுமே தருகின்றன; சொந்த எலும்போ சட்டகத்துடன், எலும்பை உருவாக்கும் கலங்களையும் வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களையும் சேர்த்தே கொண்டுவருகிறது, உடல் அதை அந்நியமென்று ஒதுக்குவதுமில்லை. உடலின் பாரம் அந்த விளிம்பின் வழியாக இறங்குவதில்லை என்பதால், அளவோடு எடுத்தால் இடுப்பு பலமிழக்காது.

ஆனால் வலியை மறைக்கக் கூடாது. முதல் நாட்களில் காலைவிட இடுப்பே கூடுதலாக வலிப்பது வழமை. சிலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும். இரத்தக்கட்டும் கிருமித்தொற்றும் எப்போதாவது வரலாம். தொடையின் வெளிப்புறத்துக்கு உணர்வு தரும் நரம்பு முன்பக்கத்தில் ஓடுவதால், இடுப்பெலும்பு விளிம்பின் முன்முனையிலிருந்து ஏறத்தாழ 3 சென்ரிமீற்றர் பின்தள்ளியே கீறுவார்கள்.

அக்கரைப்பற்று வாசகர்:
எனக்கு முன்னங்கை எலும்புக்காக இதையே செய்தார்கள். பாயிலிருந்து எழும்பும்போதும் படியேறும்போதும் இடுப்பு சில வாரங்கள் நன்றாக நோவெடுத்தது. தொடையின் வெளிப்பக்கத்தில் உள்ளங்கை அளவு இடம் இன்றும் மரத்துத்தான் இருக்கிறது. கை பொருந்திவிட்டதால் அது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. உங்கள் தம்பி சிகரட் பிடிப்பவரா? நான் அதை விட்ட பிறகுதான் வைத்தியர் திகதி தந்தார்.

மருத்துவர், அம்பாறை மாவட்டம்:
அக்கரைப்பற்றுச் சகோதரர் சிகரட் பற்றிக் கேட்டது மிக முக்கியமானது. புகைப்பழக்கமும் கட்டுப்பாடற்ற நீரிழிவும் எலும்பு பொருந்துவதைத் தாமதப்படுத்தும். வைக்கும் புதிய எலும்பையும் அவை விட்டுவைக்கா. அதைவிட முதலில் கேட்க வேண்டியது, முறிந்த இடத்தில் மறைந்திருக்கும் தொற்று உண்டா என்பது. தொற்று இருக்கலாம் என்று சுட்டிக்காட்டும் ஈ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரத்தப் பரிசோதனைகள் சாதாரணமாக இருந்தாலும், சத்திரசிகிச்சையின்போது அங்கிருந்து திசு மாதிரிகள் எடுத்து அனுப்புவது நல்லது. தொற்றுள்ள இடத்தில் வைத்த எலும்பு வீணாகிப் போகலாம், அதை எடுக்கப் பட்ட வலியும் வீண்.

தொற்றோ பெரிய இடைவெளியோ இருந்தால் இரு கட்டங்களாகச் செய்வதுண்டு: இடைவெளியில் மருந்து கலந்த எலும்புச் சீமெந்தை வைத்து, அதைச் சுற்றி உடல் ஒரு சவ்வை உருவாக்க 6 முதல் 8 வாரங்கள் விட்டு, பின்னர் சீமெந்தை அகற்றிச் சவ்வுக்குள் எலும்பை நிரப்புவார்கள். அதற்குக் கூடுதலான எலும்பு தேவைப்பட்டால், இடுப்பின் பின்பக்கத்தில் எடுப்பதுண்டு. எந்தப் பக்கம் எடுக்கப் போகிறார் என்பதையும் நிபுணரிடம் கேளுங்கள். இதற்கிடையில் யாரும் எண்ணெய் பூசி அந்தக் காலை உருவ இடம் கொடுக்காதீர்கள்.

களுவாஞ்சிக்குடி வாசகர்:
அனைவருக்கும் மிக்க நன்றி. தம்பி சிகரட் பிடிப்பவன்தான்; இன்றே பேசுகிறேன். அடுத்த கிளினிக்குக்கு அம்மாவையும் அழைத்துச் செல்வோம். வயலில் எப்போது இறங்கலாம்?

கல்லடி, ஓய்வுபெற்ற தாதி:
அதை முடிவு செய்வது இடுப்பு அல்ல, காலின் எக்ஸ்ரே. முறிவுக்குக் குறுக்கே புதிய எலும்பு படர்ந்திருப்பதை வைத்தியர் பார்த்துச் சொல்லும்வரை, ஊன்றுகோலை விட்டு வரம்பில் நடக்க விடாதீர்கள்.