மூட்டுத் தண்டின் மேற்பூச்சு பசைபோல ஒட்டுமா?

கேள்வி (சாட்ஸ்வர்த், டர்பன்): அம்மாவின் இடுப்பு மூட்டு மாற்று அறுவையில், எலும்பு சிமெண்ட் இன்றி, தொடை எலும்பினுள் இறக்கும் மேற்பூச்சிட்ட டைட்டானியம் தண்டைப் பொருத்தப்போவதாக மருத்துவர் கூறினார். அப்பூச்சு பசைபோல ஒட்டுமா?

பதில் 1 (பீட்டர்மாரிட்ஸ்பர்க்): ஒட்டாது, ஐயா. அது பெரும்பாலும் ஹைட்ராக்சிஅபடைட். நம் எலும்பிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டை ஒத்தது என்பதால், எலும்புச் செல்கள் அதன்மேல் படர்ந்து, வாரக்கணக்கில் புதிய எலும்பை வளர்க்கின்றன. அதுவரை தண்டைத் தாங்குவது, அதைத் தட்டி இறக்கிய இறுக்கமே. எலும்பு மெலிந்திருந்தால் சிமெண்டையே விரும்பும் மருத்துவர்களும் உண்டு. அம்மாவின் எலும்பு அடர்த்தியைப் பற்றி அவசியம் கேளுங்கள்.

பதில் 2 (ஃபீனிக்ஸ்): ஒட்டும் பூச்சுகளும் ஆய்வில் உள்ளன. நம் கடற்கரைப் பாறைகளை அலையிலும் விடாமல் பற்றியிருக்கும் கருஞ்சிப்பியின் ஒட்டுப்புரதத்தில் டோபா என்னும் அமினோ அமிலம் உண்டு. அதைப் பின்பற்றிப் பாலிடோபமைன் என்னும் பூச்சை ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்டனர். டோபாவை ஒத்த டோபமைனின் சற்றே காரத்தன்மையுள்ள கரைசலில் உலோகத்தை அமிழ்த்தினாலே மெல்லிய கரும்பழுப்புப் படலம் படியும். அதன்மேல் எலும்பு வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைப் பிணைக்கலாம்.