‘மருங்கு’ என்ற சொல்லுக்கு வாக்கியங்கள் தேவை

வணக்கம். பினாங்கில் படிவம் ஐந்து மாணவர்கள் சிலருக்கு மாலையில் தமிழ் சொல்லித் தருகிறேன். ‘மருங்கு’ என்ற சொல்லை வைத்து வாக்கியம் அமைக்கச் சொன்னால், எல்லாரும் சாலையின் இருமருங்கிலும் மரம் நட்டுவிடுகிறார்கள். ஒருவன் மட்டும் தைப்பூச இரதம் தண்ணீர்மலைக்குப் போகும் வழியின் இருமருங்கிலும் தண்ணீர்ப் பந்தல்களை நிறுத்தினான். அதற்காகவே அவனுக்குக் கூடுதல் மதிப்பெண் போட்டேன்.

‘இரு’ இல்லாமல் இந்தச் சொல் தனியே நடக்குமா என்பதுதான் என் கேள்வி. பழந்தமிழில் நன்றாகவே நடந்திருக்கிறது. 526ஆம் குறளில் ‘மருங்குடையார்’ என்றால் சுற்றத்தாரை உடையவர். தொல்காப்பியத்தில் ‘செய்யுள் மருங்கின்’ என்று வரும்போது அது இடத்தைக் குறிக்கிறது. இடுப்புக்கும் இதே சொல் உண்டு (வகுப்பில் அதை விளக்கி முடிப்பதற்குள் பின்வரிசையில் சிரிப்பு தொடங்கிவிடும்).

இன்றைய உரைநடையில் ‘மேடையின் ஒரு மருங்கில் நின்றார்’ என்று எழுதினால் உங்கள் காதுக்கு இயல்பாக இருக்கிறதா? ‘நீதிபதி வழக்கின் இருமருங்கையும் கேட்டார்’ என்பது எனக்கு உறுத்துகிறது. அங்கே ‘தரப்பு’தான் பொருந்தும் என்று நினைக்கிறேன். மறுப்பவர்கள் தாராளமாக மறுக்கலாம்.

அகராதிப் பொருள் வேண்டாம், அது கையில் இருக்கிறது. நாளிதழிலோ கட்டுரையிலோ நீங்கள் படித்த வாக்கியத்தை முழுமையாக, எங்கே வந்தது என்பதோடு எழுதுங்கள். சொந்த வாக்கியம் என்றால் அப்படியே குறிப்பிட்டுவிடுங்கள். சனிக்கிழமை வகுப்புக்கு முன் கிடைத்தால் அச்சிட்டுக் கொடுத்துவிடுவேன்.